யாளி டைனோசர் எலும்பைப் பார்த்துச் செதுக்கியதா?

சுசீந்திரம் போய்வந்த ஒருவர் இங்கே கேட்டிருப்பது இது: கோயில் தூண்களில் நிற்கிற யாளி உண்மையில் வாழ்ந்த விலங்கா, இல்லை முன்னோர் எங்கேயோ டைனோசர் எலும்பைப் பார்த்துவிட்டு அதை வைத்துச் செதுக்கினார்களா? அரியலூரில்தான் டைனோசர் எலும்பு கிடைக்கிறதே, யூடியூபில்கூட ஒருவர் அடித்துச் சொல்கிறாரே என்று. யாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், பூமிக்கடியில் இருந்து கிளம்பிய எலும்பும் கல்லும் புராணக் கதைகளுக்குக் காரணமாக இருந்திருக்குமா என்பதுதான் அவர் கேட்பது. அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழங்கால மக்கள் புதைபடிவங்களை, அதாவது மண்ணில் புதைந்து கல்லாகிப்போன உயிர்களின் மிச்சங்களை, கண்டெடுத்து அவற்றுக்குக் கதை சொன்னார்களா என்பது ஒன்று. ஒரு விலங்கே, அதுவரை யார் மனதிலும் இல்லாத ஒரு விலங்கு, புதைபடிவத்தைப் பார்த்துப் பிறந்ததா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆமாம் என்று தயங்காமல் சொல்லலாம், உலகம் முழுக்கச் சான்று கிடக்கிறது. இரண்டாவதற்கு நம்பும்படியான சான்று மிகக் குறைவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால்தான் இத்தனை வீடியோக்கள் வருகின்றன.

நான் குழித்துறைக்காரன், கல்லூரியில் புவியியல், அதாவது மண்ணும் பாறையும் பற்றிய ஜியாலஜி, கற்பித்து ஓய்வு பெற்றவன். வருடா வருடம் பிள்ளைகளை அரியலூர், பெரம்பலூர் பக்கம் கூட்டிப்போய் கல் பொறுக்க வைத்தது என் வேலையில் ஒரு பகுதி. கோயில் சிற்பம் என் துறை இல்லை, அதை ஆர்வத்தோடு பார்க்கிறவன் மட்டும்தான். அதனால் பாறை பற்றி நான் சொல்வதை முழுதாக நம்பலாம், சிற்பம் பற்றிச் சொல்வதை விவரம் தெரிந்தவர்களிடம் ஒருதடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

யாளிக்கு நேரடியாகவே வருகிறேன். டைனோசர் எலும்பில் இருந்து வந்ததற்கு ஒரு சான்றும் கிடையாது, எதிராகத்தான் சான்றுகள் இருக்கின்றன. முதலில் நம் ஊர்ப் பாறையைப் பாருங்கள். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் தாண்டியும் காலடியில் கிடப்பது சார்னோகைட், கொண்டலைட் வகைப் பாறை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில், எண்ணூறு டிகிரி அளவுக்கு வெந்து உருமாறிய பாறை இது. அந்தச் சூட்டில் எந்த எலும்பும் ஓடும் மிஞ்சாது. போதாததற்கு எலும்புள்ள பெரிய விலங்குகள் உலகத்தில் தோன்றுவதற்கு முந்திய காலம் அது. சுசீந்திரத்தையோ திருவட்டாற்றையோ சுற்றி எவ்வளவு தோண்டினாலும் அந்தப் பாறையில் டைனோசர் கிடைக்காது. சரி, சிற்பிகள் அரியலூரில் பார்த்துவிட்டு வந்திருக்கக்கூடாதா என்பீர்கள். அரியலூர்ப் படிவுகள் பெரும்பாலும் பழைய கடலடி மண். அங்கே சிப்பி, சங்கு, அம்மோனைட் என்ற சுருள் ஓடு எல்லாம் அள்ள அள்ள வரும், டைனோசர் எலும்பு அபூர்வம். கிடைப்பதும் துண்டும் துணுக்குமாகத்தான் கிடைக்கும். பயிற்சி உள்ளவனே குனிந்து உற்றுப் பார்த்தால்தான் அது எலும்பு, சும்மா கல் இல்லை என்று பிடிபடும். முழு எலும்புக்கூடு படுத்துக்கிடந்து யாரோ அதைப் பார்த்து மலைத்தார்கள் என்பதெல்லாம் சினிமா.

இன்னொன்று, யாளியின் உடம்பிலேயே விடை இருக்கிறது. சிங்கத்தின் பிடரியும் நகமும், யானையின் துதிக்கையும் தந்தமும், சில இடங்களில் குதிரை உடம்பு. ஒவ்வொரு பாகமும் சிற்பியோ அவன் அப்பனோ கண்ணால் பார்த்த, இல்லை மற்ற சிற்பங்களில் பார்த்துப் பழகிய விலங்குடையது. தெரியாத மிருகத்தின் எலும்பைப் பார்த்து உருவாக்கியிருந்தால் ஏதாவது ஒரு பாகமாவது புதிதாக, நாம் இதுவரை பார்க்காததாக இருக்க வேண்டாமா? சிற்ப நூல்களும் முகத்தை மட்டும் மாற்றி மாற்றி யாளியில் பல வகை சொல்கின்றன. அதோடு அதன் வளர்ச்சியைக் கல்லிலேயே பின்தொடரலாம். மாமல்லபுரத்துப் பல்லவர் தூணடியில் உட்கார்ந்திருக்கிற சிங்கம் இருக்கிறது, சாளுவன்குப்பம் புலிக்குகையில் வட்டமாக யாளித் தலைகள் இருக்கின்றன, விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வரும்போது அது பின்னங்காலில் எழும்பி ஆளைவிட உயரமாக நிற்கிறது. படிப்படியாக வளர்ந்த வடிவம், ஒரே நாளில் குழியில் இருந்து எழுந்து வந்தது இல்லை. சங்கப் பாட்டிலேயே, அகநானூற்றில், யானையைக் கொன்று கொம்பைப் பிடுங்குகிற ஆளி வருகிறது. அந்த ஆளி காட்டில் திரிகிறது, யானையை அடிக்கிறது. கல்லாகக் கிடந்ததாகவோ எலும்பாகக் கிடைத்ததாகவோ அங்கே பேச்சே இல்லை.

யாளியை விட்டுவிட்டு, புதைபடிவத்துக்குக் கதை கட்டிய நிச்சயமான இடம் ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு, விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை. அங்கே செம்மண் காட்டில் கல்மரங்கள் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள், வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை. அதனால்தான் பெரும்பாலானவற்றுக்குக் கிளையும் வேரும் இல்லை, வெறும் தடி மட்டும் கிடக்கிறது. ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மேலே மரத்தின் நார் ஓடுகிற திசை தெரியும், உடைந்த முகத்தில் நடுப்பகுதி ஒரு நிறமாகவும் ஓரம் ஒரு நிறமாகவும் இருக்கும், கல்லால் தட்டினால் கணீரென்று சத்தம் வரும். வெளுத்த மஞ்சளும் தவிட்டு நிறமுமாக, நீளமாக, உருண்டையாக, குறுக்கே முறிந்து கிடப்பதைத் தூரத்தில் இருந்து பார்த்தால் மரம் என்பதைவிடத் தொடை எலும்பு என்றுதான் முதலில் தோன்றும். ஊரிலே வக்கிராசுரன் கதை இருக்கிறது. பெருமாள் சக்கரத்தால் அசுரனைக் கொன்றார், காளி அவன் தங்கையைக் கொன்றாள், அந்த அசுரர்களின் எலும்புதான் இப்படிக் கல்லாகிக் கிடக்கிறது என்பார்கள். கோயிலில் பெருமாள் இன்றும் சக்கரத்தை ஏவுகிற நிலையில்தான் நிற்கிறார். ஆனால் இதிலும் அசுரன் என்ற எண்ணத்தைக் கல்மரம் கொடுக்கவில்லை பாருங்கள். அசுரர்கள் புராணத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள், சக்கரத்தால் கொல்வதும் இருக்கிறது. கல் செய்தது, அந்தக் கதையை இந்த ஊரில் கொண்டுவந்து இறக்கியது. கதையையே கல் பெற்றெடுத்தது என்பது வேறு, அதற்கு இங்கே சான்று இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் குட்டநாட்டிலும் இதே சங்கதிதான். ஆலப்புழை, கோட்டயம் பக்கத்து வயல்களில் சில இடங்களில் கரிநிலம் என்பார்கள், ஊர்ப் பெயர்களே கரி என்று முடியும். சேற்றைத் தோண்டினால் கறுத்துப்போன மரத்தடிகள் வரும், பார்த்தால் தீயில் எரிந்து அணைந்ததுபோலவே இருக்கும். காண்டவ வனத்தை அக்னி எரித்தது இங்கேதான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். உண்மையில் கடல்மட்டம் ஏறி இறங்கிய காலத்தில் அமிழ்ந்துபோன காட்டு மரங்கள் அவை. காற்றுப் படாத உப்புச் சேற்றில் கிடந்ததால் அழுகாமல் கறுத்துவிட்டன. முழுக்கக் கல்லாகவில்லை, அதனால் கறாராகப் பார்த்தால் புதைபடிவம் என்றும் சொல்ல முடியாது, அதற்கு முந்திய நிலை. அந்த மண்ணில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமம் இருக்கிறது, தண்ணீர் வற்றிக் காற்றுப் பட்டால் அமிலமாகி நெல்லை வாட்டிவிடும், அதனால்தான் அங்குள்ள விவசாயிக்கு அந்த நிலத்தோடு இத்தனை பாடு. பாரதக் கதையில் காண்டவ வனம் யமுனைப் பக்கம் வருகிறது. கறுத்த மரத்தைக் கண்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெரிய காட்டுத்தீயை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள், அவ்வளவுதான். கன்னியாகுமரியில் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காத அரிசியெல்லாம் பல நிற மணலாக மாறியது என்கிறோமே, அதுவும் இதே ரகம். அங்கே இருப்பது சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட் என்ற கனிம மணல். புதைபடிவம் இல்லாமலே வேலை நடந்திருக்கிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன், சாளக்கிராமம். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி மூலவரில் 12,008 சாளக்கிராமமும், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளில் 16,008 சாளக்கிராமமும் இருப்பதாக ஐதீகம். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கறுப்பு உருண்டைக் கல் அது. உள்ளே இருப்பது அம்மோனைட், கணவாயின் தூரத்து உறவான, ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் பிராணி. ஜுராசிக் காலத்துக் கடலடிச் சேற்றில் புதைந்து, இமயம் எழும்பியபோது மேலே வந்து, ஆறு அரித்து உருட்டிக் கொண்டுவருகிறது. இதே குடும்பத்து அம்மோனைட்டை அரியலூர்ப் பக்கம் எத்தனையோ தடவை நானே உடைத்திருக்கிறேன். உருண்டையைச் சுத்தியலால் சரியான இடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதியில் சுருள் மேடாக நிற்கும், மற்றப் பாதியில் அதே சுருள் பள்ளமாக அச்சு விழுந்திருக்கும். நடுவில் இருந்து வெளியே வரவர அகலமாகும் சுருள், அதன் குறுக்கே நெருக்கமாக வரிவரியாக விலா, விரலால் தடவினால் நெளிநெளியாகத் தட்டுப்படும். ஆற்றில் உருண்டுவந்த கல்லில் ஒரு துளை மட்டும் திறந்திருந்தால், உள்ளே எட்டிப் பார்க்கும்போது ஏதோ கருவி வைத்துக் கடைந்த சக்கரம்போலவே தெரியும்.

விஷ்ணுவின் சக்கரம் இந்தக் கல்லில் இருந்து வந்தது இல்லை. சக்கரம் ஏற்கெனவே இருந்தது, கல்லில் அதை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆனால் மூடிய கல்லுக்குள் சக்கரத்தை யார் செதுக்கினார்கள் என்று ஒரு கேள்வி எழுகிறது அல்லவா? மனிதன் கை உள்ளே போகாது. அதற்குப் புராணம் ஒரு பதில் சொல்கிறது: வஜ்ரகீடம், வயிரப் பல் கொண்ட புழு, அது கல்லைக் குடைந்து உள்ளே போய்ச் சக்கரத்தை உண்டாக்கியது. எனக்குத் தெரிந்து புதைபடிவம் பெற்றெடுத்த கற்பனை விலங்கு என்று துணிந்து சொல்லக்கூடியது இந்தப் புழுதான். கல்லை விட்டால் இந்தப் புழுவுக்கு வேறு வேலை இல்லை. அதற்கு வீரக் கதை கிடையாது, கோயில் கிடையாது, தூணில் சிலையும் கிடையாது. அந்தச் சுருளுக்கு விளக்கம் சொல்வதற்காகவே பிறந்த ஜீவன். யாளி, டிராகன் என்று பெரிதுபெரிதாகத் தேடுகிற நம் ஆட்கள் கையளவுகூட இல்லாத இதை விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாட்டில் அதிகம் பேசப்படுவது கிரிஃபின், கழுகுத் தலையும் சிங்க உடம்பும் கொண்ட கற்பனை விலங்கு. அமெரிக்க ஆய்வாளர் ஏட்ரியன் மேயர், கோபிப் பாலைவனத்தில் கிடைக்கும் புரோட்டோசெரடாப்ஸ் என்ற அலகுள்ள டைனோசரின் எலும்பைப் பொன் தேடிப் போனவர்கள் பார்த்துத்தான் இந்தக் கதை பிறந்தது என்றார். கேட்க அழகாக இருக்கும், எத்தனையோ ஆவணப் படங்களில் வந்துவிட்டது. ஆனால் 2024இல் மார்க் விட்டன், ரிச்சர்ட் ஹிங் என்ற இருவர் அதை உட்கார்ந்து சரிபார்த்தார்கள். பொன் கிடைக்கும் இடங்களுக்கும் இந்த எலும்பு கிடைக்கும் இடங்களுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். கிரிஃபின் உருவம் எகிப்திலும் மேற்காசியாவிலும் அதற்கு மிக முந்தியே இருக்கிறது. பாறையில் இருந்து எலும்பு கொஞ்சம்தான் வெளியே தெரியும், முழு மிருகத்தையும் அதில் காண முடியாது. நான் அவர்கள் பக்கம்தான். கழுகும் சிங்கமும் ஊரில் இருக்கும்போது கிரிஃபின் செய்ய டைனோசர் எதற்கு? யாளிக்குச் சொன்ன அதே நியாயம்தான் இது.

கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக் கண் ராட்சசன் சைக்ளோப்ஸ் கொஞ்சம் வலுவான கேஸ். சிசிலித் தீவில் குள்ள யானைகளின் புதைபடிவங்கள் குகைகளில் கிடைக்கின்றன. யானை மண்டையோட்டை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகத்தின் நடுவில் துதிக்கை இணைகிற இடத்தில் பெரிய ஓட்டை இருக்கும், உண்மையான கண்குழி பக்கவாட்டில் ஒதுங்கிக் கிடக்கும். யானையே பார்க்காத கிரேக்கர் அந்த நடு ஓட்டையைக் கண் என்று நினைத்திருக்கலாம் என்று ஒதேனியோ ஏபெல் என்ற புதைபடிவ ஆய்வாளர் 1914இல் சொன்னார். நினைத்திருக்கலாம்தான், பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் பொருந்துவது மட்டும் சான்று ஆகாது. எழுத்தில் கிடைப்பது என்ன என்றால், 14ஆம் நூற்றாண்டில் சிசிலியின் திராபானி அருகே குகையில் ராட்சச எலும்பு கிடைத்ததையும், அது கிரேக்கக் கவி ஹோமர் பாடிய சைக்ளோப்ஸான பாலிஃபீமஸ்தான் என்று சிலர் சொன்னதையும் இத்தாலிய எழுத்தாளர் போக்காச்சியோ எழுதிவைத்திருக்கிறார். ஹோமருக்கு ஈராயிரம் ஆண்டுக்குப் பிந்திய செய்தி அது. கதை முதலில், எலும்பு பிறகு. ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் ஊரின் டிராகன் சிலைக்கும் இப்படித்தான். 14ஆம் நூற்றாண்டில் கிடைத்த ஒரு மண்டையோட்டை டிராகன் தலை என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிலை செய்தபோது தலைக்கு அதைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார்கள், பிற்பாடு பார்த்தால் அது பனிக்காலத்துக் கம்பளிக் காண்டாமிருகம். அங்கே சிலையின் தலைக்குப் புதைபடிவம் காரணம் என்பது நிச்சயம். டிராகன் என்ற எண்ணத்துக்கு அது காரணம் இல்லை என்பதும் நிச்சயம்.

இந்தியாவில் சந்தேகப் பட்டியலில் வைக்க வேண்டியது கூர்மாவதாரம். இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் மலைகளில் 1830களில் ஹியூ ஃபால்கனரும் பிராபி காட்லியும் தோண்டியபோது பிரம்மாண்டமான நில ஆமை ஒன்றின் எலும்பு கிடைத்தது. உலகத்தைத் தாங்கும் ஆமை, கருடன் தூக்கிப்போன ஆமை ஆகிய கதைகளோடு அதற்குத் தொடர்பு இருக்குமோ என்று 1840களில் ஃபால்கனரே கேட்டார். நல்ல கேள்வி. சிவாலிக்கில் யானை வகை, ஒட்டகச்சிவிங்கி வகை என்று மழைக்குப் பிறகு எலும்புகள் தானாகவே வெளியே வரும், அங்குள்ளவர்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் கல்லாகிப்போன ஆமையைப் பார்த்துக் கதை வந்தது என்று காட்ட ஒரு பழைய வரிகூட இல்லை, ஆற்றில் நடமாடுகிற ஆமையே போதுமான காரணம். உலகத்தைத் தாங்கும் ஆமைக் கதை வேறு தேசங்களிலும் இருக்கிறது. எனவே நான் இதை ஒதுக்கிவிட மாட்டேன், ஏற்றுக்கொள்ளவும் மாட்டேன்.

பழங்கால ஆட்களை மட்டும் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடக் கூடாது. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தோண்டும்போது பெரிய உருண்டைக் கற்கள் வந்தன, ஒரே நாளில் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்ஆப் முழுக்கப் பரவியது. போய்ப் பார்த்த புவியியலாளர்கள் அவை அம்மோனைட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு திரண்டு உருண்ட கற்கள் என்றார்கள். இதில் ஊராரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. காரை என்ற ஊர்ப் பக்கம் முதல் தடவை அப்படி ஒரு உருண்டையைக் கண்ட என் பிள்ளைகளும் "சார், முட்டை!" என்றுதான் கத்தினார்கள், நான் சுத்தியலை எடுப்பதற்குள் ஒருத்தன் வீட்டுக்குப் போன் போட்டு முடித்திருந்தான். கையில் ஒரு கதை தயாராக இருந்தால் கல் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்பு அசுரன், இப்போது டைனோசர்.

விஞ்ஞானிகளும் இதற்குத் தப்பவில்லை. அரியலூர்க் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987இல் புருகத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம் என்றார்கள். முதலில் ஊன் தின்னி என்றார்கள், அப்புறம் நீண்ட கழுத்துத் தாவரத் தின்னி என்று மாற்றினார்கள், எலும்பே இல்லை கல்மரமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. சரிபார்க்கலாம் என்றால் அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. 2022இல் பழைய போட்டோக்கள் வெளிவந்த பிறகு எலும்புதான் என்ற பக்கம் கொஞ்சம் வலுத்திருக்கிறது. உலகத்திலேயே பெரிய டைனோசராக இருக்கலாம், ஆனால் கையில் ஒரு துண்டு இல்லை. திருவக்கரையில் மரத்தை எலும்பு என்றார்கள், இங்கே எலும்பை மரமோ என்கிறார்கள்.

யூடியூப்காரர் சொன்னதை எடைபோட ஒரு வழி சொல்கிறேன், நான் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதுதான். அந்தப் புதைபடிவம் அந்த ஊரில் அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியும்படி கிடந்ததா என்று புவியியல் வரைபடத்தை வைத்து முதலில் பாருங்கள், பாதிக் கதைகள் இங்கேயே படுத்துவிடும். அதைத் தாண்டினால், இந்தக் கல்தான் அந்த விலங்கு என்று அந்தக் காலத்து ஆளே சொல்லிய சான்று இருக்கிறதா, இல்லை நாம் இப்போது உட்கார்ந்து பொருத்துகிறோமா என்று கேளுங்கள். அதையும் தாண்டி, உயிரோடு திரிந்த விலங்குகளை வைத்து விளக்க முடியாத அம்சம் ஏதாவது அதில் இருக்க வேண்டும். சாளக்கிராமத்துப் புழு மூன்றையும் தாண்டுகிறது, திருவக்கரை அசுரன் இரண்டோடு நிற்கிறான், சுசீந்திரம் யாளி முதல் படியையே தாண்டவில்லை. எழுதிவைக்காத காலத்துக் கதைகளுக்கு இந்தச் சோதனை அநியாயமாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆடு மேய்த்தவர் கல்லைப் பார்த்துப் பேரனிடம் என்ன சொன்னார் என்பது ஏட்டில் ஏறாது.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே தொடங்குங்கள். பிறகு பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரம், அதன் பிறகு திருவக்கரை. வெயில் தாழ்ந்த மாதமாகப் பார்த்துப் போங்கள். சாத்தனூரும் திருவக்கரையும் பாதுகாக்கப்பட்ட இடங்கள், சின்னத் துண்டாக இருந்தாலும் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது, போட்டோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.